நத்தையின் பூட்டு

நத்தை, 1962–2016. பணிப்பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. ஏழு காற்றாலைகள் கொண்ட அந்தப் பண்ணையில் அதை எவரும் உச்சரித்ததில்லை. முழங்கால் தேய்ந்த அவர் அறுபது மீட்டர் கோபுரத்தின் உள் ஏணியில் ஊர்ந்து ஏறுவதைக் கண்டு இந்தப் பெயரைச் சூட்டியவர் மேற்பார்வையாளர். நத்தையின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி.

உச்சியில் இறகுகள் நிமிடத்துக்கு இருபது சுற்றே சுற்றும். பற்சக்கரப் பெட்டி அதனை ஆயிரத்து ஐந்நூறாகப் பெருக்கி மின்னாக்கியின் தண்டுக்குத் தரும். அங்கே கம்பிச்சுருளுக்குள் காந்தம் சுழல, மின்சாரம் பிறக்கும். அந்தத் தண்டைப் பராமரிப்பது நத்தையின் வேலை.

ஏறுபவர் அடியிலுள்ள பிரேக் சுவிட்சில் தம் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஏற வேண்டும். அவர் இறங்கிவந்து திறக்கும்வரை ஆலை நிற்கும்.

காற்றுப் பருவத்தில் அந்த நிற்றலே வினையாயிற்று.

“மாமா, நீங்க இறங்கி வர்றதுக்குள்ள காத்தே ரிட்டயர் ஆயிடும். இன்னொரு தடவை லேட்டானா, கேட்டுல உக்காந்து லாரிக்குக் கதவு தொறக்க வேண்டியதுதான்.”

“இருபது வருஷம் மேல நின்னவன் மாப்ள. கீழ உக்காந்து அண்ணாந்து பாக்க வச்சிடாத.”

“அப்ப சாவிய என்கிட்ட குடுத்துட்டு ஏறுங்க. வேலை முடிஞ்சதும் வாக்கிடாக்கில சொல்லுங்க, நான் ஓட்டிடுறேன்.”

கொடுத்தார். இரண்டு மாதம் தாமதப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

மூன்றாம் மாதம், நான்காம் ஆலையில், “முடிஞ்சுது, இறங்குறேன்” என்று அறிவித்து நான்கு படி இறங்கினார். கழற்றிய தண்டு மூடியைத் திரும்பப் பொருத்தாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னால் தாமதம். சொல்லாமல் ஏறினார். கீழே பூட்டு திறந்தது. மூடியைப் பொருத்தக் கை நீட்டியபோது தண்டு சுழன்றது.

வலக்கை மணிக்கட்டோடு போயிற்று. வாக்கிடாக்கி விழுந்து நொறுங்கியது. இடுப்புக் கச்சையால் புயத்தை இறுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் இறங்க நாற்பது நிமிடம். அதுவரை ஆலை ஓடியது. அன்று நல்ல காற்று.

மருத்துவமனைக்கு மேற்பார்வையாளர் ஒரு தாளோடு வந்தார். பூட்டு மாட்டாமல் ஏறியது தம் பிழையே என்று நத்தை ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது.

“நீங்கதானே சாவியக் குடுத்தீங்க?” என்றாள் மனைவி. “அவன் புள்ளகுட்டிக்காரன். கைநாட்டு வச்சுக் குடுத்துடுங்க.”

“கேட்டு வேலையாவது குடுப்பியா மாப்ள?”

“அது ரெட்டைக் கதவு மாமா. ரெண்டு கை வேணும்.”

அதன்பின் ஈராண்டு வீட்டில் இருந்தார். எவரும் அவரை எதுவும் செய்யச் சொல்லவில்லை. கடைசியாக அவர் செய்த காரியம், அந்தத் தாளில் இடக்கைப் பெருவிரலைப் பதித்தது: 19 ஜூலை 2014.