மூன்று வாரத் தலைவரின் சிட்னிப் பயணம்

2004 ஈஸ்டர் விடுமுறையில் மெல்பேர்ணின் மல்கிரேவிலிருந்து சிட்னிக்குக் காரில் போனோம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, என் பதவியை உறுதிப்படுத்த. மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில், நான் தேநீர் எடுக்கக் குசினிக்குப் போன நேரம் பார்த்து என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். முகத்தை முறிக்க மனமில்லாமல் தலையாட்டினேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையதாக இல்லை. மனைவி மலர் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். மெல்பேர்ணில் தெரிவாகும் குழு சிட்னிக் கிளையிலும் வாக்கு வாங்க வேண்டும். தோற்றால் குழுவே கலைந்துவிடும்.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய 880 கிலோமீட்டர், பெட்ரோலுக்கு எண்பது டொலர். அல்பரியில் கட்டுச்சோறு சாப்பிட்டோம். பின்சீட்டில் மலரின் தம்பி குமரன், கனடாவில் சரித்திரம் படிப்பிப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தான். என் கதையைக் கேட்டதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அத்தான், அந்தக் காலத்தில கனடாவில மானிட்டோபா மாகாணத்திலயும் இப்பிடித்தான். மந்திரியாகிறவர் தன்ர தொகுதியில திரும்ப நிண்டு வெல்லவேணும். ஒருக்கா புது மந்திரி ஒராள் தோத்துப்போனார். ஒரு மாசம் முடியமுன்னம் மந்திரிசபையே கவிண்டுபோச்சுது."

"முதலமைச்சருக்குக் கவலையாய் இருந்திருக்கும், என்ன?" என்றேன்.

"அவற்ற மனுசிக்குச் சந்தோசமாய் இருந்திருக்கும்" என்றாள் மலர். கோல்பர்ன் தாண்டும்வரை அவள் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் சிட்னியின் பிளாக்டவுனில் கூட்டம். வருடாந்த விருந்து மீண்டும் மெல்பேர்ணிலா என்று சிட்னிக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழு வேண்டுமா வேண்டாமா என்று கைகளை எண்ணினால் இருபக்கமும் சமம். அப்படியானால் தலைவரின் வாக்கே முடிவு. கடைசி வரிசைக் கதிரையில் மலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் குழுவுக்கு எதிராகக் கையைத் தூக்கினேன்.

"அண்ணை, விளங்காமல் தூக்கிப்போட்டியளோ?" என்று எங்கள் செயலாளர் பதறினார்.

"ஓம் தம்பி, நல்லாய் விளங்கித்தான் தூக்கினனான்."

தோளிலிருந்து அரிசி மூட்டையை இறக்கியது போலிருந்தது. கொஞ்சம் வெட்கமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மாலையில் மேய்ஸ் ஹில் கோவிலுக்குப் போய் முருகனுக்கு மனமார நன்றி சொன்னேன்.

போகிறவர்களுக்கு: விடுமுறைக் காலத்தில் கோவிலில் கார் நிறுத்த முன்னதாகவே போய்விடுங்கள். நெடுஞ்சாலையில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். பத்து மணிநேரப் பயணம் பெரிய அலுப்பு என்பார்கள். போகும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. திரும்பும்போது மலர் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். மல்கிரேவ் அதற்குள் ஏன் வந்தது என்றிருந்தது.