லாரன்ஸ் அண்ணாச்சி உச்சியில் வைத்த நாவல்

திங்கட்கிழமை காலை. ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. வண்டியை அணைத்துவிட்டு நின்றபோது போன் வந்தது. லாரன்ஸ் அண்ணாச்சியின் மருமகள் மேரி. "அண்ணே, மாமா போயிட்டாங்க" என்றாள். காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். கேட் திறந்து, பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தும் எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

அண்ணாச்சியை உங்களில் பலருக்குத் தெரியும். மணப்பாட்டுக்காரர். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவந்து கரை சேர்க்கும் படகில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கப்பலுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் படித்தே தீர்த்தவர். நம் வாசகர் வட்டம் நடத்தும், இளையோர் படிப்பதற்கான நாவல் போட்டிக்கு அவரும் ஸ்டெல்லா டீச்சரும் நானும்தான் நடுவர்கள்.

டீச்சரும் நானும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவோம். அண்ணாச்சி போட மாட்டார். "இது என்ன பரீட்சையாலே?" என்பார். ஒன்றைப் படித்து முடித்ததும், ஏற்கெனவே படித்தவற்றோடு ஒப்பிட்டு, கூடத்து மேசையில் இருக்கும் அடுக்கில் அதற்குரிய இடத்தில் செருகுவார். கடைசியில் உச்சியில் இருப்பதுதான் அவருடைய முதல் பரிசு. காகிதத்தில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். "அடுத்தவன் எழுத்துல நான் எதுக்குப் பேனா வைக்கணும்?"

போன வருடம் ஒரு நாவல். வீட்டைவிட்டு ஓடிப்போகும் பையன் கடைசிப் பக்கத்தில் திரும்பி வந்து அப்பா காலில் விழுகிறான். டீச்சர் அழுதேவிட்டார். நான் தொண்ணூறு போட்டேன். அண்ணாச்சி அதை அடியில் செருகிவிட்டார். "அதுவரைக்கும் பிள்ளை பேசுனான். கடைசியில அப்பன் வந்து மைக்கைப் பிடுங்கிட்டான்லா. பதினஞ்சு வயசுக்காரன் கண்டுபிடிச்சிருவாம்லே, இது தனக்கு எழுதுனதில்ல, தன் அப்பனுக்கு எழுதுனதுன்னு." டீச்சரும் நானும் மார்க்கைத் திருத்தினோம். அவர் உச்சியில் வைத்தது ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

இந்த வருடம் இருபத்தொரு நாவல்கள், பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு. எனக்குப் பிடித்தது ஒன்பதாம் எண், டீச்சருக்குப் பதினான்கு. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிறு மாலை அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏலே சங்கரா, முடிச்சிட்டேன். உச்சியில ஒண்ணு உக்காந்திருக்கு. உன்னோடதும் இல்ல, டீச்சரோடதும் இல்ல. ரெண்டு பேரும் கண்ணை எங்கன வச்சிட்டுப் படிச்சிய?" சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. எந்த எண் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "நாளைக்கு வந்து பாக்கேன்" என்று போனை வைத்துவிட்டேன். அற்பக் கோபம், வேறென்ன சொல்ல.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும் மேரி ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா பேப்பரெல்லாம் நம்பர் மாறிக் கலைஞ்சு கிடந்துச்சுண்ணே. துட்டி கேக்க ஆளு வந்திருமேன்னு, மேசையை எடுக்கும்போது நானே ஒண்ணுலருந்து வரிசையா அடுக்கிக் கட்டிட்டேன். சரியா இருக்காண்ணே?"

அழுது வீங்கிய முகம். அந்த நேரத்திலும் மாமனாரின் காகிதம் ஒன்றுகூடத் தொலையக் கூடாதென்று பார்த்திருக்கிறாள். "சரியா இருக்கும்மா" என்றேன்.

இப்போது உச்சியில் இருந்தது வெறும் ஒன்றாம் எண். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஒரு மடிப்பு, ஒரு கோடு? ஒன்றுமில்லை. டீச்சரும் நானும் எல்லாவற்றையும் மறுபடி படித்தோம். அண்ணாச்சியாக இருந்து படிக்க வேண்டும் என்று தொடங்கினோம். மூன்றாவது நாவலிலேயே அவரவர் கண்தான் படித்துக்கொண்டிருந்தது. "அவங்க கண்ணு நமக்கு வராது சார்" என்று டீச்சர் மூடி வைத்துவிட்டார். முடிவு அறிவிக்க வேண்டிய நாளும் வந்துவிட்டது. ஒன்பதுக்கும் பதினான்குக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுத்தோம்.

மற்ற பத்தொன்பது பேருக்கும் 'உங்கள் நாவல் நடுவர்களைக் கவரவில்லை' என்று கடிதம் போனது. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டது நான்தான். அதில் ஒன்று பச்சைப் பொய். அதை வாங்கியவர் இனி எழுதுவாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. அவர் யாரென்றும் தெரியாது. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வழியில்லை.

தேர்வாகாதவற்றைக் கிழித்துவிட வேண்டும் என்பது போட்டியின் விதி. அண்ணாச்சி, உங்கள் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பத்தொன்பதையும்தான். எது என்று தெரியாமல் எதை நான் கிழிப்பேன்?