ஐம்பத்தொன்பதாவது மணி

ஜெபமாலை சொல்லாமல் எங்கள் வீட்டில் தட்டில் சோறு விழாது. சாயங்காலம் ஏழு மணியானால் டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் முழந்தாளிட வேண்டும். காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் உட்கார்ந்து சொல்ல அனுமதி உண்டு. இவ்வளவு பக்தியான குடும்பத்தில், ஒரு ஜெபமாலையில் மொத்தம் எத்தனை மணி என்று ஒருவருக்குக்கூடத் தெரியாது. அது எனக்கு எட்டு வயதில், ஒரு சனிக்கிழமை காலையில் தெரியவந்தது. இன்று நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கப்போகிறேன் என்று வெள்ளை கவுன் தைத்து அலமாரியில் தொங்கவிட்டிருந்தார்கள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, நஞ்சன்கூட்டில் டீச்சராக இருந்தார். அன்று காலை ரயிலிலேயே மைசூருக்கு வந்து இறங்கி, வேளாங்கண்ணியில் எனக்கென்றே வாங்கிய ஜெபமாலையைக் கையில் கொடுத்தார். நீல நிற மணிகள். கண்ணாடி மாதிரி மின்னினாலும் பிளாஸ்டிக்தான்.

அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அன்றைக்குக் காலை ஷிஃப்ட். கிளம்பும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

"சின்னவனக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

அப்பா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பேப்பரைத்தான் பார்த்தார்.

சின்னவன் என்பது என் தம்பி. வயது மூன்று. உலகத்தில் எத்தனையோ பொருள்கள் இருந்தாலும் என் கையில் இருப்பது மட்டுமே அவனுக்குப் பொருளாகத் தெரியும். ஜெபமாலையின் ஒரு முனையை அவன் இழுத்தான், மறுமுனையை நான் விடவில்லை. நூல் அறுந்தது. மணிகள் கட்டிலுக்கு அடியிலும் ஃபிரிட்ஜுக்கு அடியிலும் ஓடி ஒளிந்தன. அத்தை சமையலறையில் இருந்ததால் சத்தம் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்டது. "சண்ட போடாதீங்க" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

கட்டிலுக்கு அடியில் நானும் தம்பியும் படுத்து மணி பொறுக்கினோம். அங்கே நடந்ததை அன்று யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி என் மூக்குத் துவாரத்துக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. தம்பிக்கு அதைச் செய்து காட்டினேன். பிறகு மூக்கைச் சீந்தினேன், வெளியே வந்து விழுந்தது. சளி ஒட்டிய மணியைக் கையில் வைத்திருக்கப் பிடிக்காமல் ஜன்னல் வழியாகச் சாக்கடையில் எறிந்தேன். தம்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. "எவ்ளோ சமத்தா விளையாடறான் பாருங்கக்கா" என்று அப்பா அத்தையிடம் பெருமையடித்தார். பிள்ளை பெற்ற எவரும் அந்த அமைதியைக் கேட்டால் எழுந்து ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு மட்டும் பெருமையாக இருந்தது. சற்று நேரத்தில் தம்பி வந்து அவர் வேட்டியை இழுத்தான்.

"அப்பா, உள்ள போயிடுச்சு."

மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தால் வலது மூக்கின் உள்ளே நீலமாக ஒன்று மின்னியது. மிளகுப்பொடி காட்டினால் தும்மலில் வந்துவிடும் என்று அத்தை டப்பாவைத் தேடினார். அப்பா பயந்துபோய் அம்மாவுக்கு ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போட வேண்டிய தேவையே இல்லை.

"கை வெக்காதீங்க! குச்சி, ஹேர்பின் எதுவும் உள்ள விடாதீங்க! மிளகா? யாரு சொன்னது? அவன் உள்ள இழுத்துட்டா என்ன பண்ணுவீங்க? ஆட்டோ புடிச்சு பேக வாங்க!"

அவசரம் வந்தால் அம்மாவுக்குப் பாதி கன்னடம் வரும், 'சீக்கிரம்' என்பது 'பேக' ஆகிவிடும். அத்தையை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அப்பா தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டே வந்தார்.

அம்மா வார்டு வாசலிலேயே நின்றிருந்தார். பட்டாணியையும் பட்டனையும் மூக்கில் போட்டுக்கொண்டு வரும் குழந்தைகள் அவருக்குப் புதிதில்லை. "ஏம்மா, வீட்ல இத்தன பேர் இருக்கீங்க, ஒருத்தர் கண்ணுகூடவா இல்ல?" என்று மற்ற அம்மாக்களை விளாசிவிட்டு வந்து எங்களிடம் கதை சொல்வார். அன்று சின்ன நர்ஸுகள் இருவர் மிகுந்த மரியாதையோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா அப்பாவை ஒரே ஒரு பார்வை பார்த்தார். அப்பாவின் கக்கத்தில் பேப்பர் இன்னும் இருந்தது.

டாக்டர் தம்பியை மேசைமேல் உட்காரவைத்துக் கொஞ்சலாகக் கேட்டார்.

"எஷ்டு ஹாக்கொண்டே, புட்டா?"

எத்தனை போட்டாய் என்ற கேள்விக்குத் தம்பி யோசிக்காமல் "ஹத்து" என்றான். பத்து!

"எத்தனடா போட்ட, ஒழுங்கா சொல்லு" என்று அம்மா தமிழில் கேட்டார். "ரெண்டு" என்றான்.

"ஒண்ணுதானே போட்ட, கண்ணா?" என்றார் அப்பா. அதற்கும் தலையாட்டினான்.

முதலில் கண்ணுக்குத் தெரிவதை எடுப்போம் என்றார் டாக்டர். அதற்கு ஒரு வழி உண்டு. அம்மா பிள்ளையின் வாயோடு வாய் வைத்து, அடைக்காத மூக்கை விரலால் மூடிக்கொண்டு, பட்டென்று ஊத வேண்டும். எத்தனையோ அம்மாக்களுக்கு எங்கள் அம்மா கற்றுக்கொடுத்த வித்தை அது. அன்று அவர் ஊதிய முதல் ஊதலில் காற்றே போகவில்லை. இரண்டாவதில் தம்பிக்குக் கூச்சமாகிச் சிரித்துவிட்டான். மூன்றாவது ஊதலில் மணி தெறித்து வந்து டாக்டரின் சட்டைப்பைமேல் ஒட்டிக்கொண்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளை பத்து என்கிறான், இரண்டு என்கிறான். வீட்டில் இருக்கும் மணிகளை எண்ணிப் பாருங்கள் என்றார் டாக்டர். அப்பா அத்தைக்கு ஃபோன் போட்டார்.

"எண்ணறேன்டா. மொத்தம் எத்தன இருக்கணும்?"

"அஞ்சு பத்து அம்பது. நடுவுல பெரிய மணி நாலு. அம்பத்துநாலு."

"அப்ப சிலுவைக்கு மேல தொங்குமே, அது?"

"அது... மூணா, அஞ்சா?"

"தெனமும் முட்டி போட்டுக்கிட்டு என்னத்தத்தான் சொல்றீங்க எல்லாரும்!" என்று கத்தினார் அம்மா. தினமும் அவரும்தான் கூட முட்டி போடுகிறார். அதைச் சுட்டிக்காட்டும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

அத்தையின் கைப்பையிலேயே அவருடைய ஜெபமாலை இருந்தது. அதை எண்ணினால் போதுமே! எடுத்தார். ஆனால் முப்பது வருடப் பழக்கம். விரல் மணியைத் தொட்டதுமே வாய் "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்துவிடும். நாலு மணி தாண்டினால் எண்ணிக்கை போய்விடும். ஃபோனில் எங்களுக்கு ஜெபம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, ஜெபம் பண்ணாதீங்க, எண்ணுங்க!" என்று அப்பா கெஞ்சினார். ஜெபம் பண்ணாதே என்று எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னது அதுதான் முதலும் கடைசியும்.

கடைசியில் எதிர்வீட்டு கன்னடக்கார ஆண்ட்டியைக் கூப்பிட்டார் அத்தை. வாசலில் கோலம் போடுகிற, வெள்ளிக்கிழமை சாமுண்டி மலைக்குப் போகிற ஆண்ட்டி. அவர் ஜெபமாலையை வாங்கி அரை நிமிடத்தில் எண்ணி முடித்தார்.

"ஐவத்தொம்பத்து இதெ, அஷ்டே."

ஐம்பத்தொன்பது. ஃபிரிட்ஜை நகர்த்தி, துடைப்பத்தால் பெருக்கி, வீட்டில் கிடைத்தவை ஐம்பத்தேழு. மூக்கிலிருந்து வந்தது ஒன்று. இன்னும் ஒன்று இல்லை.

எல்லோரும் தம்பியின் வயிற்றைப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார். மூச்சு சுத்தமாக இருக்கிறது, வயிற்றுக்குள் போயிருந்தால் இரண்டு மூன்று நாளில் வெளியே வந்துவிடும், ஆனால் இருமலோ இரைப்போ வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். மூச்சுக்குழாய் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. வார்டில் அவர் பார்க்காததா? அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

காணாமல் போன மணி சாக்கடையில் கிடக்கிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் சாயங்காலம் முதல் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் அந்தச் சடங்குக்காக மறைக்கல்வி சிஸ்டர் எங்களுக்கு மூன்று பாவங்களை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். கீழ்ப்படியவில்லை, பொய் சொன்னேன், கோயிலில் பேசினேன். வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அதே மூன்று. எனக்கென்று சொந்தமாக ஒரு பாவம் இல்லையே என்று எனக்குக் குறையாக இருந்தது. இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் முதுகில் நாலு விழும். சாமியாரிடம் சொன்னால் அடியில்லாமலேயே மன்னிப்பு கிடைக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் நீண்ட வரிசை. என் முறை வந்ததும் ஜெபமாலையை அறுத்ததையும், ஒரு மணியைச் சாக்கடையில் எறிந்ததையும் சொன்னேன். தம்பியின் மூக்கைப் பற்றிச் சொல்லவில்லை. மூக்கு அவனுடையது, அந்தப் பாவத்தை அவன் வளர்ந்து சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது. துள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

வீட்டில் அம்மா தம்பியைப் படுக்கவைத்து அவன் நெஞ்சில் காதை வைத்திருந்தார். அடுத்த மூன்று நாளும் அப்படித்தான். அவன் இருமினால் ஓடி வந்தார். சிரித்துப் புரையேறினால் ஓடி வந்தார். பிளாஸ்டிக் சட்டியில் அவன் வெளிக்குப் போனதையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்தார். அப்பா பக்கத்தில் போனால் எரிந்துவிழுந்தார். தம்பி தன் மலத்துக்கு வந்த மவுசைப் பார்த்து, போய் முடித்ததும் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டத் தொடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வெள்ளை கவுனும் தலையில் முக்காடுமாக நான் நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பினேன். எல்லா அம்மாக்களும் தத்தம் பிள்ளைகளைப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தார்கள். என் அம்மா மட்டும் தலையைக் குனிந்து, மடியில் தூங்கும் தம்பியின் முதுகில் கை வைத்து, அவன் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெஞ்சுக்கு வந்து உட்காரும்வரை நிமிரவே இல்லை. அம்மாவுக்கு அவன்தான் உசத்தி, நான் ஒரு பொருட்டே இல்லை என்று, நற்கருணை நாக்கில் கரைவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தலையை என் பக்கம் திருப்ப நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.