நீலப் புட்டியும் பெரியப்பாவின் குதிரையும்

எங்கள் வீட்டில் மொத்தம் ஏழு நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அவற்றில் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்காது. நான்கில் மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள், மூன்றில் துருப்பிடித்த சாமான்கள். மனிதர்களை விட்டுவிடலாம். யாரோ ஒரு வெள்ளைக்கார சிப்பாயின் ஒற்றைப் பூட்ஸ் நாற்காலியில் இருக்க, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தரையில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட வேண்டும் என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஒற்றைப் பூட்ஸ். ஜோடியாக இருந்தாலாவது ஒருவர் காலுக்கு ஆகியிருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் என் பெரியப்பா. மைசூர் அரண்மனைக் குதிரை லாயத்துக்கு வந்திறங்கும் கொள்ளு மூட்டைகளின் பில்களைச் சரிபார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகம். குதிரை தின்னும் கொள்ளைப் பார்த்துப் பார்த்துத் தானும் குதிரைப்படையைச் சேர்ந்தவர் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது என்று அம்மா சொல்லுவாள். சண்டை சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் வாங்கி வருவார். பொத்தான், வார்ப்பட்டை, கொக்கி, குண்டு, உடைந்த தூரக்கண்ணாடி. அவரைப் போலவே பித்துப் பிடித்த இருவர் வாராவாரம் வருவார்கள். ஒருவர் மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர், காலையில் சர்ச்சுக்குப் போன அதே கோட்டோடு வருவார். இன்னொருவர் நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் வரும் வாழைப்பழ மண்டிக்காரர். ஸ்ரீரங்கப்பட்டணத்து வயல்களில் ஏர் ஓட்டும்போது கிடைக்கும் ஈயக் குண்டுகளை மடியில் முடிந்துகொண்டு வருவார். ஒரு சீப்புப் பழமும் கொண்டுவருவார் என்பதால் அம்மா அவரை மட்டும் திட்டுவதில்லை.

நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தவர் என் மாமா, அதாவது அப்பாவின் தங்கை புருஷன். நால்வரில் நிஜமான சண்டையைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஜெர்மன் சண்டையின்போது மகாராஜாவின் குதிரைப்படை கப்பலேறி எகிப்துப் பக்கம் போனதல்லவா, அதோடு போன குதிரை ஆஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர். திரும்பி வந்து பத்துப் பன்னிரண்டு வருடமாக மைசூரிலேயே மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்தார். தசரா ஊர்வலத்தில் குதிரைகள் போகிற நேரத்துக்கு மட்டும் அவருக்கு எங்காவது அவசர வேலை வந்துவிடும். ஊரே ரோட்டோரம் நிற்கும்போது அவர் யார் வீட்டு எருமைக்கோ மருந்து கொடுக்கப் போய்விடுவார்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. சாமான் யார் கையில் இருக்கிறதோ, அதன் கதையைச் சொல்லும் உரிமையும் அவருக்கே. விற்றாலும் மாற்றிக்கொண்டாலும் சும்மா கொடுத்தாலும் கதையும் கூடவே போய்விடும். கொடுத்தவர் அதன்பிறகு அந்தக் கதையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. புதிதாகப் பெற்றவர், யாருக்கு நடந்ததோ அவர் வாயால் சொல்வதுபோல 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஒரே வாளுக்கு இரண்டு பேர் இரண்டு கதை சொல்லிச் சட்டையைப் பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு டிராயிங் மாஸ்டர் செய்த ஏற்பாடு இது. நால்வரும் வேதவாக்காக இதைக் காப்பாற்றினார்கள். வீட்டு வாடகையை ஒழுங்காகக் கொடுப்பதில் அந்த அக்கறையைக் காட்டியிருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்.

மாமாவிடம் ஒரு தண்ணீர்ப் புட்டி இருந்தது. நீல எனாமல் பூசியது. மேலே காக்கிக் கம்பளித் துணி போட்டுத் தைத்திருக்கும், கார்க் அடைப்பான், தோள்பட்டையில் மாட்ட வார். பாலைவனம் போய் வந்த புட்டி. பெரியப்பா பல நாளாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாமா அதைக் கொண்டுவந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கதையையும் பெரியப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். மாற்றாக வாங்கிக்கொண்டது ஆறு பித்தளைப் பொத்தான்கள். அவற்றையும் போகிற வழியில் என்னிடமே கொடுத்துவிட்டார், கோலி விளையாட. பொத்தான் உருளாது என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பெரியப்பா பாலைவனத்துக்குப் போக ஆரம்பித்தார்.

நாற்காலியில் குறுக்காகக் காலைப் போட்டுக்கொண்டு, புட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, 'நான்' என்று தொடங்குவார். "நான் என் வெள்ளைக் குதிரையில போயிட்டிருக்கேன். சூரியன் தலைக்கு நேரா. ரெண்டு நாளாத் தண்ணி இல்ல." ஜட்கா வண்டியில் குதிரை தும்மினால் இறங்கி நடந்து வருகிறவர் அவர். அவருடைய பாலைவனத்தில் ஓரிடத்தில் தென்னை மரம் நிற்கும். ஒரு வாரம் ஆறு ஓடும், மறு வாரம் அது வற்றிக் கிடக்கும். எதிரில் வருகிற அரபுக்காரன் சுத்தமான கன்னடம் பேசுவான். கடைசியில் குதிரை மடிந்து விழும். புட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைப் பெரியப்பா கையில் ஊற்றி அதன் நாக்கை நனைப்பார். குதிரை உடம்பை ஒரு உதறு உதறிக்கொண்டு எழுந்து அவரைச் சுமந்துகொண்டு கிணற்றடிக்கு ஓடும். மண்டிக்காரருக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும். வாரம் தவறாமல் கேட்ட கதைக்கு எதற்குக் கண் கலங்க வேண்டும்?

மாமா நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சட்டப்படி அவர் பேசக் கூடாது. தென்னை மரம் வரும்போதுகூட முகத்தில் ஒன்றும் தெரியாது. குதிரை எழுந்து ஓடியதும் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவரோடு நஜர்பாத் மூலை வரை நடந்துபோய் ஒவ்வொன்றாகக் கேட்பேன். அங்கே தென்னை மரம் இருந்ததா? இல்லை. ஆறு? இல்லை. குதிரை வெள்ளையா? செவலை. நீங்கள் அதன்மேல் ஏறிப் போனீர்களா? இல்லை, ஆஸ்பத்திரி வண்டிக்குப் பின்னால் நடந்து போனேன். இப்படியாகப் பத்துப் பிழைகளைக் கண்டுபிடித்தேன். குதிரை எழுந்ததா என்றும் கேட்டேன்.

"பெரியப்பா என்ன சொன்னாரு?" என்றார்.

எழுந்ததாகச் சொன்னார் என்றேன்.

"அப்போ எழுந்துதான் இருக்கும்" என்றார் மாமா.

ஆக அது பிழையில் சேரவில்லை. பத்து. அதை அத்தையிடம் ஒப்பித்தேன்.

அத்தைக்கு ஏற்கெனவே ஆத்திரம். மார்க்கெட்டில் யாரோ அவளிடம், பாலைவனத்தில் குதிரையைப் பிழைக்க வைத்தது உங்கள் அண்ணனாமே என்று கேட்டுவிட்டார்கள். பட்டாளம் போனது புருஷன், பேர் வாங்கியது அண்ணன். "அவரு அங்க மணல் தின்னுட்டு வந்தாரு. இங்க கொள்ளு மூட்டை எண்ணினவரு அதைத் தோள்ல மாட்டிட்டுக் கதை சொல்றாரு. இவரானா வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி உட்கார்ந்திருக்காரு" என்று என் அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள். என் பத்துப் பிழைகளைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் வீட்டில் ஒரு கத்திப்பிடி இருந்தது. மாமாவின் பாட்டன் காலத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்தது, வெள்ளிக் கம்பி இழைத்த புலித்தலைப் பிடி. அதைச் சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தார்கள். பெரியப்பா அந்த வீட்டுக்குப் போனால் மனிதர்களை விசாரிப்பதற்கு முன் கதவைத்தான் பார்ப்பார். பல தடவை கேட்டும் அத்தை கொடுக்கவில்லை, காற்றில் கதவு அடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா குதிரையில் ஏறப்போகும் நேரத்தில், அத்தை உள்ளே வந்து கத்திப்பிடியை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணே, இது உங்களுக்கு. அந்தப் புட்டியைக் கொடுங்க."

மாமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "ஏய், எதுக்கு இதெல்லாம்? வேணாம்" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். கூச்சத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்தாள். "நீங்க சும்மா இருங்க. உங்களுக்குக் கேட்கத் தெரியாது, நான் கேட்கிறேன்" என்றாள்.

பெரியப்பா புலித்தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அதைத் தொட்ட கை திரும்ப வரவில்லை. புட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். கத்திப்பிடியின் கதை என்ன என்று டிராயிங் மாஸ்டர் கேட்டார். கதவு முட்டு, அவ்வளவுதான் கதை என்றாள் அத்தை. அதற்காகப் பெரியப்பா கவலைப்படவில்லை. கதை செய்ய அவருக்கு ஒரு வாரம் போதும்.

அத்தை புட்டியை மாமா கையிலேயே திணித்துவிட்டதால் அடுத்த வாரம் அவர் முறை. அத்தை பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அம்மாவையும் அடுப்பை விட்டு இழுத்து வந்து வாசற்படியில் நிறுத்திக்கொண்டாள். அப்பாகூடப் பேப்பரை மடித்து வைத்தார். நான் ஒற்றைப் பூட்ஸைத் தரையில் வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் கவனிக்கவில்லை. தென்னை மரமில்லாத, ஆறு இல்லாத, பிழையில்லாத கதையை முதல்முறையாகக் கேட்கப் போகிறேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மாமா புட்டியை மடியில் வைத்துக் கார்க்கைத் திருகிக்கொண்டிருந்தார். தோளில் மாட்டவில்லை. இத்தனை நேரத்தில் பெரியப்பா கிணற்றுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

"செவலைக் குதிரை," என்றார் கடைசியில். "என்கிட்ட ரொம்ப நாள் வைத்தியத்துல இருந்தது. கால் சரியாகித் திரும்பப் படைக்கே போனது. நடந்துட்டே இருந்தது, விழுந்துது. தண்ணி ஊத்தினேன். குடிச்சுது."

நிறுத்திவிட்டார்.

"ஆமேலே?" என்றார் மண்டிக்காரர். அதற்கப்புறம் என்ன என்று கன்னடத்தில். அவர் கண் கலங்கத் தயாராக இருந்தது.

டிராயிங் மாஸ்டர் மெதுவாக, கதையை முடிக்க வேண்டும், ரூல் ரூல்தான் சார் என்றார். பெரியப்பா திடீரென்று அவரை அதட்டினார். உமது ரூலைக் கொண்டுபோய் உமது போர்டில் எழுதும் என்றார். அவருக்கு ஏன் கோபம் வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கதையைக் கொடுத்த அன்றும் மாமா இதே இடத்தில்தான் நிறுத்தினார், மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் மச்சான் என்று சொல்லிவிட்டார் என்பது பிறகு பெரியவர்கள் பேசிக்கொண்டதில் காதில் விழுந்தது.

"எழுந்திருக்காத குதிரைய விட்டுட்டு வரக் கூடாது," என்றார் மாமா, கார்க்கைப் பார்த்துக்கொண்டே. "ஆஸ்பத்திரிக்காரன் வேலை அது. துப்பாக்கி நம்ம கையில கொடுத்திருப்பாங்க. தண்ணி கொடுத்த கைய அது நக்கிட்டே இருந்தது."

பிறகு புட்டியை மேஜைமேல் வைத்து, பெரியப்பா பக்கம் தள்ளினார்.

"மச்சான், நீங்க சொல்ற மாதிரியே சொல்லுங்க."

பெரியப்பா ஒரு பேரமும் பேசவில்லை. புட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வார் முறுக்கிக்கொண்டது, அதைச் சரிசெய்யவே அவருக்கு நேரமாயிற்று. "நான் என் வெள்ளைக் குதிரையில போயிட்டிருக்கேன்" என்று தொடங்கினார். தென்னை மரம் வந்தது. ஆறு வந்தது. அரபுக்காரன் கன்னடம் பேசினான். குதிரை மடிந்து விழுந்தது. தண்ணீரைக் கையில் ஊற்றி நாக்கை நனைத்தார். இருமினார். மறுபடி தண்ணீரை ஊற்றினார், மறுபடி இருமினார்.

வாசற்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"உடம்பை ஒரு உதறு உதறிட்டு எழுந்துது, அண்ணே. அதை விட்டுட்டீங்க."

"ஆமாம் பாப்பா, எழுந்துது" என்றார் பெரியப்பா. குதிரை எழுந்து கிணற்றடிக்கு ஓடியது. மாமா காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முதலாவது, கத்திப்பிடி போனது போனதுதான். புட்டியும் அங்கே, பிடியும் அங்கே, அத்தைக்குக் கைநஷ்டம். அதை யாரும் கேட்கவில்லை. அத்தை அன்றிரவே கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டாளாம். இரண்டாவது, குதிரை எழுந்திருக்கவில்லை என்று மாமாவே சொன்னபிறகும், பிழையென்று தெரிந்தே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிழைகளைத் தேடித் தேடிச் சேர்த்த எனக்கு என்ன மரியாதை? "அத்தை, அதுதான் பதினோராவது தப்பு" என்று எழுந்து நின்று சொன்னேன். அம்மா என் தொடையைக் கிள்ளி, கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்து, உள்ளே இழுத்துப் போனாள். நான் திரும்பி வருவதற்குள் பூட்ஸ் பழையபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகும் மாமா உயிரோடு இருந்தவரை பெரியப்பா அந்தக் கதையை வாராவாரம் சொன்னார். அத்தையும் தவறாமல் வந்து வாசற்படியில் நின்றாள். நான் தரையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பதினொன்று எண்ணினேன்.

இப்போது எனக்கு மாமாவைவிட அதிக வயதாகிவிட்டது. தூக்கம் வராதபோது அந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்து எண்ணுகிறேன். பத்துதான் வருகிறது.