புளி போட்டு விளக்கிய அம்மன்

குகனேஸ்வரியக்காவின் மகள் சாம்பவிக்கு ஒரு கண் முன்னமே போய்விட்டது. மற்றக் கண்ணிலும் விழித்திரை கழலத் தொடங்கியபோது அக்கா இத்தாலியின் பலேர்மோ நகரில் ஏறாத கோயில் வாசல் இல்லை. வெறுங்காலோடு புனிதை சந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குக்கூட நடந்தார்.

நானும் அவரும் ஒரு மியூசியத்தில் தரை துடைக்கிறோம். அங்கே நேபாளத்துச் செப்புச்சிலை ஒன்று இருந்தது. எழுநூறு வருசப் பழசு, உடம்பெல்லாம் பொன்முலாம். முகத்துக்கு மட்டும் தனியாகப் பொன் தீட்டி, அதன்மேல் நீளமாகக் கண் வரைந்திருந்தார்கள். பெயர்ப்பலகையில் தாரா என்றிருக்கும். அக்காவுக்கு அது அம்மன்தான். போனில் படமெடுத்துப் போய்ச் சாம்பவிக்குக் காட்டுவார். நான் மன்னார் வேதக்காரி, மாதா கோயில் ஆள், சும்மா இருப்பேனா?

"கண்ணுக்கு எங்கட சந்தா லூசியாவைக் கேளுங்கோ அக்கா."

"அவவிட்டையும் கேட்டிட்டன் அமலினி. ஆரையும் விடேல்லை."

வெள்ளிக்கிழமை சாம்பவிக்கு ஒப்பரேசன் என்று சொன்னார்கள். சைவ வீடுகளில் வெள்ளிக்கு முதல்நாளே விளக்கைப் புளி போட்டு மினுக்கிவிடுவார்கள். அந்த வியாழன் பார்த்து, கண்ணாடிப்பெட்டி மாற்றுவதற்காகச் சிலையை வெளியே மேசையில் வைத்திருந்தார்கள். நான் அடுத்த மண்டபத்தைத் துடைத்துவிட்டு வந்தபோது அக்காவின் கையில் பல்லரோச் சந்தையில் வாங்கிய புளியும் ஒரு பழந்துணியும் இருந்தன. அம்மனின் உடம்பு பளபளத்தது. முகத்தில் கண் இல்லை.

"என்னக்கா செய்தனீங்கள்! ரெண்டு பேற்றை வேலையும் போச்சு!" என்று கத்தினேன். வந்த கோபத்துக்கு அவரைப் பிடித்து உலுப்பினேன். அவருக்கு ஒன்றும் ஏறவில்லை.

"மங்கிப்போய்க் கிடந்தவ, பிள்ளை. நாளைக்கு வெளிச்சமா இருக்கட்டும் எண்டுதான்..." துணியை விரித்து, அதில் படிந்த பொன்னுக்கும் கறுப்புக்கும் நடுவில் கண்ணைத் தேடினார். "என்ர கையாலையே அழிச்சுப்போட்டன்."

மியூசியத்துக்குப் பொறுப்பான இத்தாலியப் பெண்மணியைச் சிஞ்ஞோரா என்போம்; அவரிடம் அக்காவே போய்ச் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கே திரும்பக் கண் வரைய முடியுமா என்றுதான் இத்தாலியனில் திரும்பத் திரும்பக் கேட்டார். சிஞ்ஞோரா சிலையைப் பார்த்து அழுதுவிட்டு, முடியாது என்று தலையாட்டினார். பிறகு எங்கள் சாவிகளை வாங்கிக்கொண்டு எங்களை வெளியே அனுப்பினார்.

வெள்ளி பின்னேரம் ஆஸ்பத்திரியில் சாம்பவி கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். கட்டவிழ்த்த பிறகுதான் எதுவும் சொல்லலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். முதல்நாள் தொடக்கம் அக்கா ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

சாம்பவி கையை நீட்டித் துழாவினாள்.

"அம்மா, நேற்று அம்மனிட்டைச் சொன்னனீங்களோ? அவ என்னைப் பாப்பாவோ?"

அக்கா அந்தக் கையைப் பிடித்தார். அவருடைய நக இடுக்கில் பொன் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஓம் குஞ்சு," என்றார். "உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா."