என் திருமணத்துக்கு வராத அக்கா

அக்காவின் இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தை அச்சகத்துக்கு அனுப்பிய மறுநாள் காலை அங்கிருந்து போன் வந்தது. “ஃபோட்டோ தலைகீழா வந்திருக்குதும்மா. நாங்களே திருப்பி நேரா வெச்சிட்டோம்” என்றார் அச்சகத்துக்காரர். நான் சிரித்துவிட்டேன். அக்கா மறைந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். “அண்ணே, அவங்க தலைகீழாதான் இருக்காங்க. அப்படியே போடுங்க” என்றேன். உயரமான கம்பியை இரண்டு கைகளாலும் பற்றி, பாதங்கள் கூரையைப் பார்க்க நேர்கோடாக நிற்கும் அந்தப் படம், அக்கா தேசியப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கிய நாளில் எடுத்தது.

இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப்பேருக்கு அக்காவை ரயில் டிக்கெட் கவுன்ட்டரில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவராகத்தான் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அளவுகூடத் தெரியாது. அவர் ஜிம்னாஸ்டிக்ஸில் எப்படிப்பட்டவராக இருந்தார் என்பதைக் கூடவே வளர்ந்த தங்கைதான் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் தையல்காரி, எழுதிப் பழக்கமில்லை. தெரிந்தவரை எழுதுகிறேன்.

அக்கா தொண்டூரில் ஒரு சமண விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது நான் பிறந்தேன். அப்பாவை நைனா என்போம்; அவர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் பயிரிட்டார். அறுவடை முடிந்ததும் காய் ஆய்ந்த மல்லாட்டைக் கொடியை மாட்டுத் தீனிக்காகப் போராகக் குவித்து வைப்பார்கள். அக்கா அந்தப் போரின் உச்சியில் ஏறி நின்று, பின்பக்கமாகக் கரணம் அடித்து இறங்குவார். “மாடு திங்கிற கொடிய மிதிச்சிப் பாழாக்குறாளே” என்று அம்மா கத்துவார். நைனா மட்டும் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் வகுப்பு முடித்து செஞ்சியில் பள்ளிக்கூடம் சேர்ந்ததும், அக்கா மைதானத்தைச் சுற்றிக் கைகளால் நடப்பதை விளையாட்டு ஆசிரியை பார்த்தார். அவர்தான் நைனாவை வரச் சொல்லி, சென்னையில் இருந்த விளையாட்டு விடுதியின் தேர்வுக்கு அனுப்பச் சொன்னார். தேர்வுக்கு உடம்போடு ஒட்டிய உடை வேண்டும். ஊரில் இருந்த டெய்லர், “இதெல்லாம் பொம்பளப் புள்ளைக்கு நான் தைக்க மாட்டேன்” என்று துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம். பாண்டிச்சேரியில் வாங்கிய அந்த இழுபடும் துணியைத் தானே வெட்டிக் கையால் தைத்தார். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். தேர்வு நடந்த நாளில் தோள்பட்டைத் தையல் பிரிந்துவிட்டதாம். அக்கா அதை ஊக்கு குத்திச் சமாளித்துத் தேர்வானார்.

விடுதியில் அக்காவைத் தொந்தரவு செய்தது கம்பியும் கரணமும் இல்லை, சாப்பாடு. சமண வழக்கப்படி எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. விடுதியிலோ பயிற்சி முடியவே ஏழு மணி ஆகும். பத்து வயதில் போன பிள்ளை, யாரிடமும் சொல்லாமல் இராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டது. மூன்றாம் மாதம் ஒரு நாள் பயிற்சியின்போது, பீம் என்று சொல்லும் அந்த ஒடுக்கமான மரக்கட்டையின் மேலிருந்து மயங்கி விழுந்தார். தகவல் வந்ததும் நைனா பஸ் ஏறினார். அங்கே நடந்ததை அக்கா பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்.

“ஏன் கண்ணு சாப்டல?” என்று நைனா கேட்டிருக்கிறார்.

“பொழுது போயிடுதே நைனா.”

நைனா சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, “எனக்கும் ஒரு தட்டு வைங்கம்மா” என்றாராம். அப்போது மணி ஏழரை. பொழுது போனபின் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர், அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து ரசம் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் அக்கா தன் தட்டில் கை வைத்தார். “உன் பாவத்துல பாதிய நான் வாங்கிக்கினேன். இனிமே பசியோட கம்பி ஏறாத” என்று சொல்லிவிட்டு நைனா ஊர் திரும்பினார்.

விஷயம் தெரிந்து அம்மா நான்கு நாள் நைனாவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், “கொழந்த தெம்பா இருந்தாளா?” என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு அக்காவை யாரும் பிடிக்க முடியவில்லை. மாநிலப் போட்டிகளில் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் முதலிடம். உயரம் கூடிய ஒரு கம்பி, குறைந்த ஒரு கம்பி, இரண்டுக்கும் நடுவில் பறந்து மாறும் போட்டியை அவர்கள் ‘பார்’ என்பார்கள். அக்காவுக்கு உயிர் அதில்தான். விடுமுறைக்கு வரும்போது இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து கிடக்கும். அம்மா நெய் தடவிக்கொண்டே அழுவார். “எனக்கே வலிக்கல, உனுக்கு இன்னாம்மா?” என்பார் அக்கா. வீட்டில் கறந்த பால், நெய், முந்திரி எல்லாம் அவருக்குத்தான் எடுத்து வைக்கப்படும். எனக்கு அதில் பொறாமை இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இருபது வயதில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைத்தது. தேசியப் போட்டிகளில் வெண்கலமும் வெள்ளியும் வந்தன. தங்கம் மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் என் கல்யாணம் வருகிறது.

அக்கா இருக்கும்போது தங்கைக்கு எப்படி முடிப்பது என்று உறவில் பேச்சு எழுந்தது. அக்காவே செஞ்சிக்கு வந்து மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசினார். “நான் இப்போதைக்குப் பண்ணிக்கப் போறதில்ல. எனக்காக அவள நிக்க வைக்காதீங்க” என்றார். தேதி குறித்தார்கள். பத்திரிகை அடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு, முன்னதாகவே முடிந்திருக்க வேண்டிய தேசியப் போட்டி தள்ளிப்போய், என் கல்யாண வாரத்திலேயே வந்து நின்றது. வடக்கே இரண்டு நாள் ரயில் பயணம். போனால் கல்யாணத்துக்கு வர முடியாது.

முகூர்த்தத்துக்கு எட்டு நாள் முன்பு அக்கா வீட்டுக்கு வந்தார். நான் ரவிக்கைக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீ இன்னா சொல்ற?” என்றார்.

“போக்கா” என்றேன்.

“நெஜமாவா?”

“நெஜமாதான். போ.”

போகமாட்டார் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அவர் போய்விட்டார்.

தாலி கட்டும்போது நான் அழுதது சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மறுவீட்டுக்கு வந்த அன்று நைனா வாசலிலேயே சொன்னார்: எல்லாப் போட்டியையும் சேர்த்த கணக்கில் அக்கா முன்னணியில் இருந்திருக்கிறார். கடைசியாகத் தரைவிரிப்பில் கரணம் அடிக்கும் போட்டி. ஓடிவந்து எம்பும்போது இடது குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“நல்லா வேணும்” என்றேன்.

புதுப்புடவையோடு நின்று, என் சொந்த அக்காவைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பத்து மாதம் அக்காவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அறுவை சிகிச்சை நடந்தபோதும் நான் போகவில்லை. செஞ்சியில் என் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் வாசலில் நிழல் விழுந்தது. அக்கா நின்றிருந்தார். நடையில் லேசான சாய்வு. கையிலிருந்த பையை மெஷின் மேல் வைத்தார். உள்ளே நீலநிற இழுபடும் துணி.

“இதத் தச்சிக் குடு.”

“கால் இப்படி இருக்குது. எதுக்கு இது?”

“கம்பிக்குக் கால் எதுக்கு? எறங்கும்போது மட்டுந்தான வேணும்” என்றார். பிறகு குரல் இறங்கியது. “உன் கல்யாணத்த விட்டுட்டுப் போயி வெறுங்கையோட வந்தேன்டீ. அதான் என்னால தாங்க முடியல.”

“நான் நல்லா வேணும்னு சொன்னேன். தெரியுமா?”

“தெரியும். அம்மா சொன்னாங்க.”

“கோவம் இல்லியா?”

“இருந்துது. கால் சரியாயி நாலு மாசம் ஆவுது. கோவத்துலதான் வரல.”

இருவரும் ஒரே நேரத்தில் அழுதோம். பிறகு நான் டேப்பை எடுத்து அளவெடுத்தேன். தோள் அகலம் கூடியிருந்தது, இடுப்பு இளைத்திருந்தது.

விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் அக்கா என் வீட்டிலேயே தங்கினார். தினமும் காலையில் செஞ்சிக் கோட்டையின் கதவு திறந்ததும் ராஜகிரி மலைப் படிகளில் ஏறுவோம். முதல் வாரம் பாதிகூட முடியவில்லை. உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்வார். இரண்டாம் மாதம் உச்சியில் நின்று எனக்காகக் காத்திருந்தார். அப்போது நான் மூன்று மாத கர்ப்பிணி. அதைச் சொன்னதும், அன்றோடு என்னைப் படியேற விடவில்லை. அந்த இரண்டு மாதமும் நாங்கள் பேசியது, அதற்கு முன்பு வாழ்நாளெல்லாம் பேசியதைவிட அதிகம்.

தரையிலும், ஓடிவந்து மேசையைத் தாண்டும் வால்ட்டிலும் எம்பிக் குதிக்கும் போட்டிகளை மருத்துவர் சொன்னபடி அக்கா விட்டுவிட்டார். பாரில் மட்டும் பயிற்சி செய்தார். இருபத்தாறு வயது. உடன் பயிற்சி செய்த பிள்ளைகள் பதினைந்து, பதினாறு. சிலர் அக்கா என்றார்கள், ஒருத்தி ஆன்ட்டி என்றே கூப்பிட்டாளாம். “அவளத் தோக்கடிக்கிறதுக்காகவே ஆடணும்” என்று சொல்லிச் சிரிப்பார்.

மறுவருடம் நடந்த தேசியப் போட்டிக்கு நானும் நைனாவும் போனோம். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, நான் தைத்த நீல உடையை என் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அதுவரை அக்கா போட்டியில் ஆடி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வெள்ளைப் பொடியை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்தார். சுற்றினார். ஒரு கம்பியை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதற்குள் என் மூச்சு நின்றுவிட்டது. நைனா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். கடைசியில் கைகளை விட்டு, காற்றில் உடம்பைச் சுருட்டி, இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையைத் தொட நின்றார். ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அந்த இடது கால் தாங்கியது.

தங்கம் அவருக்குத்தான். பதக்க மேடையிலிருந்து நேராக எங்களிடம் வந்து, பதக்கத்தைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, “இந்தா உன் கல்யாணச் சீரு. லேட்டாயிடுச்சி” என்றார்.

அந்த நொடியில் என் மனத்தாங்கல் எல்லாம் போய்விட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். போகவில்லை. என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும் போதெல்லாம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். அக்காவுக்கும் அது தெரியும். “இன்னும் திட்டிக்கினுதான் இருக்கியா?” என்பார். “ஆமா” என்பேன். அப்படியே இருபத்தைந்து வருடம் அன்பாக இருந்தோம்.

அந்தத் தங்கத்தோடு அக்கா போட்டிகளை நிறுத்திக்கொண்டார். உடன் வேலை பார்த்தவரை, நான் மாமா என்று கூப்பிடுபவரை, திருமணம் செய்துகொண்டு விழுப்புரத்தில் குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை, என் மகள் அவர்கள் வீட்டில்தான் பாதி வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்டப் போட்டிகளுக்கு நடுவராகப் போவார். அதே மகள் ஒருமுறை போட்டியிட்டபோது, வேறு நடுவரை உட்காரவைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்தவர் அக்கா. கவுன்ட்டரில் படிவம் எழுதத் தெரியாதவர்களுக்கு வரிசை நகரும் வேகம் குறையாமல் தானே எழுதிக் கொடுப்பார் என்று உடன் வேலை செய்தவர்கள் துக்கத்துக்கு வந்தபோது சொன்னார்கள்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, வயிற்றுவலி என்று போனவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பாண்டிச்சேரியில் பதினொரு மாதம் சிகிச்சை நடந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஒரு வைகாசி மாதத்துக் காலைப் பொழுதில், மாமாவும் நானும் பக்கத்தில் இருக்க அக்கா கண்மூடினார்.

அந்தப் பதினொரு மாதத்தில் எங்களுக்குத் துணை நின்றவர்கள் பலர். முறைவைத்து இரத்தம் கொடுத்த ரயில் நிலைய ஊழியர்கள், வாரம் ஒருவராக வந்து வார்டில் உட்கார்ந்திருந்த, அக்காவோடு ஆடிய முன்னாள் வீராங்கனைகள், தலைமுடி கொட்டிய அன்று தன் வீட்டிலிருந்து பருத்தித் துணி கொண்டுவந்து கட்டிவிட்ட செவிலியர், எந்த நேரம் கூப்பிட்டாலும் வண்டி எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பி, தொண்டூரிலிருந்து வந்து இறுதிச் சடங்கின் எல்லாப் பொறுப்பையும் தோளில் போட்டுக்கொண்ட பங்காளிகள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. இங்கே சொல்லாமல் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதி முடித்து மாமாவிடம் படித்துக் காட்டினேன். ‘நோயைப் புன்னகையோடு தாங்கினார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அத எடுத்துடும்மா. இன்னா புன்னகை? வலி வந்தா டாக்டரத் திட்டினா, என்னையத் திட்டினா, அழுதா. ஒரு நாள் கஞ்சித் தட்டத் தூக்கி எறிஞ்சா. மறுநாள் காலைல என் தோளப் புடிச்சிக்கினு வராண்டாவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தா. கடைசி வாரம் வரைக்கும் நடந்தா. அத எழுது.”

எழுதிவிட்டேன், மாமா.