இந்தியா மேப்பைத் தொடாதவர்

என் வீட்டுக்காரருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. இருப்பது ஒரே பைத்தியம்தான், போனில் மேப் குவிஸ். பெயர் எழுதாத வரைபடம் ஒன்று வரும். மேலே ஒரு நாட்டின் பெயரோ மாநிலத்தின் பெயரோ தோன்றும். அது எங்கே இருக்கிறதோ அங்கே விரலால் தொட வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. தருமபுரி மாவட்டத்து இண்டூர் பக்கம் மரவள்ளியும் மாவும் வைத்திருக்கிற விவசாயிக்கு பல்கேரியா எங்கே இருந்தால் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன். "தெரிஞ்சு வெச்சுக்கறதுல உனக்கென்ன நட்டம்?" என்பார்.

கேலி செய்த நானே பிறகு மாட்டிக்கொண்டேன். தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. போக வர பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் ஆப்பிரிக்காவைப் பழகினேன். அப்புறம் சாயங்காலம் செபமாலை முடிந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் போட்டி என்றாகிவிட்டது. ஒரு சிவப்பு விழுந்தால் போன் அடுத்தவர் கைக்குப் போய்விடும். என் விரல் கொஞ்சம் பருமன். கோவாவைத் தொட்டால் பக்கத்தில் கர்நாடகா சிவந்து நிற்கும். "நான் கோவாவைத்தாங்க தொட்டேன்" என்று அழாத குறையாகச் சொன்னாலும் மனுசர் இரங்க மாட்டார். "போன் சொல்றதுதான் கணக்கு. குடு இங்க." கட்டின பெண்டாட்டிக்கு ஒரு கோவாவை விட்டுக்கொடுக்காத ஆள்.

இரண்டு பேரும் சேர்ந்து தோற்கிற இடமும் ஒன்று உண்டு. அது இந்தியா மேப்பின் வடகிழக்கு மூலை. சின்னச் சின்ன மாநிலங்களாக அங்கே ஒரு கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எது திரிபுரா, எது மிசோரம் என்று இருவருக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு குத்துவோம்.

பெங்களூரில் வேலை பார்க்கிற எங்கள் ஒரே மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, தன்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னான். நம்மைப் போலக் கத்தோலிக்கக் குடும்பம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டான், கெட்டிக்காரன்.

"எந்த ஊரு?" என்றார் அவர்.

"மேகாலயாங்கப்பா."

அவர் எழுந்து, மோட்டார் போட வேண்டும் என்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அப்போது கரண்டே இல்லை.

அதன் பிறகு அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "அப்பா மனசார சரின்னு சொல்லாம கல்யாணம் இல்லம்மா. அவளும் அதையேதான் சொல்றா" என்று மகன் போன் செய்யும்போதெல்லாம் சொல்வான். திட்டுகிற மனுசரைச் சமாளித்துவிடலாம். பேசாத மனுசரை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது?

குவிஸை மட்டும் அவர் விடவில்லை. ஐரோப்பா ஆடுவார், ஆப்பிரிக்கா ஆடுவார், தீவு தீவாகப் போய்த் தொட்டுவிட்டு வருவார். இந்தியா மட்டும் கூடாது. நானே வேண்டுமென்று அதைத் திறந்து நீட்டினால், "கண்ணு எரியுது புள்ள" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மேகாலயா என்ற பெயர் மேலே வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். இருக்கிற ஒரே பிள்ளை அவ்வளவு தூரத்து மனுசனாகிவிடுவானோ என்று பயம். அது புரிந்ததும் அவர்மேல் இருந்த கோபம் பாதி கரைந்துபோனது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண்ணை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வரச் சொன்னேன்.

வந்தாள். சின்ன உருவம், சிரித்த முகம். மகன் சொல்லிக்கொடுத்த கொஞ்சம் தமிழை வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா, அப்பா?" என்றாள். இவர், "வாங்க, உக்காருங்க" என்றார், சர்வே எடுக்க வந்த அதிகாரியிடம் சொல்வதுபோல. நான் கோழிக் குழம்பும் வறுவலும் செய்திருந்தேன். அவள் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டாள். இவர் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்து, போனை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக் கட்டிலுக்குப் போய்விட்டார். மகன் முகம் செத்துப்போயிருந்தது.

அவள் அவனிடம் ஏதோ கேட்டாள். பிறகு நேராக மாமரத்தடிக்குப் போய்க் கட்டிலின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம். "அப்பா, நானும்?" என்று போனைக் காட்டினாள். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தமிழ்நாட்டு மாவட்ட மேப்பைத் திறந்து கொடுத்தார். உள்ளூர்க்காரி எனக்கே அதில் பாதி தகராறு. இந்த மனுசருக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்தேன்.

கன்னியாகுமரி பச்சை. சென்னை பச்சை. நீலகிரியும் பச்சை. அடுத்ததாக மேலே தருமபுரி என்று வந்தது. மகன் காதல் பேசிய நேரத்தில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா என்று அவனை முறைத்தேன். காலையில் ஒசூர் வழியாக பஸ்ஸில் வந்தவள் அவள். கர்நாடக எல்லையிலிருந்து விரலை மெதுவாகக் கீழே இறக்கி ஓர் இடத்தைத் தொட்டாள். சிவப்பு. அவள் தொட்டது கிருஷ்ணகிரியை. "சாரி, அப்பா" என்று போனை நீட்டினாள்.

இவர் அதை வாங்கி, சிவந்து நின்ற கிருஷ்ணகிரியைப் பார்த்தார்.

"தப்பில்லம்மா. நான் பொறந்தப்ப இதுவும் தருமபுரிதான். ஒசூர் வரைக்கும் நம்ம ஜில்லா. அப்பறந்தான் பிரிச்சாங்க. போனுக்கு என்ன தெரியும்?"

அந்த மனுசர் வாயிலிருந்து இப்படி ஒரு தீர்ப்பை என் காதால் கேட்டதே இல்லை. மகன் அவள் பக்கம் குனிந்து அதை ஆங்கிலத்தில் சொன்னான். அவள் நம்பாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இவர் அதற்குள் இந்தியா மேப்பைத் திறந்திருந்தார். "உங்க வூடு எங்க இருக்குது? நீயே காட்டும்மா."

அவள் இரண்டு விரலால் மேப்பைப் பெரிதாக்கி, அந்த நெருக்கத்துக்குள் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். இவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மறுபடி மேப்பைச் சின்னதாக்கி, கட்டை விரலை நம் ஊர்மேல் வைத்து, ஆள்காட்டி விரலை அவள் காட்டிய இடம் வரை நீட்டிப் பார்த்தார். விரல்கள் முழுசாக விரிய வேண்டியிருந்தது.

"இவ்ளோ தூரத்துல இருந்து உங்கம்மா எப்படிம்மா கல்யாணத்துக்கு வருவாங்க? அவங்களுக்கு ஒடம்பு தாங்குமா?"

மகன் அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தான். அவள் காத்திருக்கவில்லை. மேப்பின்மேல் விரிந்திருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வருவாங்க, அப்பா" என்றாள்.